சடையப்பன் முதுகில் ஓடிய கோடு

1.

இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் சத்தியமான உண்மை. கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போது நடு ஆற்றில் நிறுத்திக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஏற்கெனவே ஒருமுறை அப்படி நின்று சொல்லியும் இருக்கிறேன். கேட்டுவிட்டு ஆறு இரண்டடி இறங்கியது.

கதை பிறந்தது ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து இலைக்காரர் எம்.ஆர்.ஐ. பற்றி ஏதோ கேட்டார். சாம்பாரில் ஆரம்பித்து மோருக்குள் முடித்தேன். "இத நீங்க எழுதணும் சார்" என்றார். நான் பேச்சை நிறுத்துவதற்காகச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: 'சிதம்பரத்தின் வானம் அன்று கருமை பூண்டு...' (வேண்டாம். வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 2009, ஆயுத பூஜை முடிந்த வாரம். குமராட்சியில் வரப்பு வழுக்கி விழுந்த என் மச்சான் சடையப்பனுக்கு இடது கால் மரத்துக்கொண்டே வந்தது. நரம்பை எது அழுத்துகிறது என்று படம் தெளிவாகக் காட்டினால் உடனே ஆபரேஷன், தாமதித்தால் கால் திரும்பாது என்றார் கடலூர் டாக்டர். சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் என் மகள் இளவரசிதான் டெக்னீஷியன். படம் எடுத்தாள். முதுகெலும்பில் டாக்டர் பார்க்க வேண்டிய அதே இடத்தில், குறுக்கே, புள்ளி புள்ளியாக ஒரு வெள்ளைக் கோடு.

"என்னம்மா இது, முதுவுல ஜிப்பு வச்சித் தச்சிருக்கு?" என்றான் சடையப்பன்.

"அது ஒங்க முதுவு இல்ல மாமா. வெளியில இருக்கிற ரேடியோ அலை உள்ள பூந்திருக்கு."

"அப்புடியா? எந்த ஸ்டேசனு?"

"வெளையாடாதீங்க. சரியாவலன்னா நீங்க சென்னைக்குத்தான் போவணும்."

"சென்னைக்கா? அந்தக் குலுக்கல்ல இன்னொரு காலும் போயிடும். நான் வரல."

3.

(தெரியாதவர்களுக்கு: எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறையே ஒரு தாமிரப் பெட்டி. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் தகடு. கதவைச் சாத்திவிட்டால் வெளி அலை ஒன்றும் உள்ளே வராது. வரக்கூடாது. வந்த அலை குமராட்சி மினிபஸ்ஸின் ஹாரன் என்று கோட்டைப் பார்த்ததுமே சொன்னேன். டிரைவர் யார் என்றும் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.)

அலை விளக்கிலிருந்து வருகிறதோ என்று இளவரசி அறையின் விளக்கை மாற்றிப் பார்த்தாள். கோடு போகவில்லை. சடையப்பனை இறக்கிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை வைத்துப் படம் எடுத்தாள். பாட்டிலுக்குக் குறுக்கேயும் கோடு.

"பாட்டிலுக்கும் கால் மரத்துடுச்சா?" என்று கேட்டான் சடையப்பன். கேட்டுவிட்டுத் தன் காலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான்.

கதவைத் திறந்துவைத்து எடுத்தாள். அதே கோடு. சாத்தி எடுத்தாள். அதே கோடு. திறந்தாலும் சாத்தினாலும் ஒன்றுதான் என்றால் அந்தக் கதவு சாத்தியும் சாத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

(இந்த இடத்தில் எனக்கு இளவரசி பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. எல்லா யோசனையும் அவளுக்கே வந்தால் கதை சொல்கிறவன் எதற்கு?)

ஆகவே நான் எழுந்து போனேன். கதவு விளிம்பைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி தாமிரத் தகடுகள். கதவைச் சாத்தும்போது அவை நிலைச்சட்டத்தில் போய்த் தொட வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் காய்ந்த சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜை! இடையில் சந்தனம் நின்றதால் உலோகம் உலோகத்தைத் தொடவில்லை. ஸ்பிரிட்டில் துணியை நனைத்து நானே துடைத்தேன். கதவைச் சாத்தினேன். கோடு போயிற்று. டாக்டர் படத்தைப் பார்த்தார். மறுநாளே ஆபரேஷன்.

4.

பொட்டு வைத்தது யார்? முதல் பிரதியில் அட்டெண்டர் கலியமூர்த்தி என்று எழுதியிருந்தேன். பின்னால் நின்று இளவரசி படித்துவிட்டாள்.

"அப்பா, அவர ஏன் இழுக்குற? வச்சது நான்தான்."

"தெரியும். கதைக்கு ஒரு..."

"கற்பூரம் வேணாம்னேன். காந்தம் இழுத்துடும், இரும்புத் தட்டு உள்ள வரக் கூடாதுன்னேன். எல்லாம் பாத்துப் பாத்து செஞ்சிட்டுச் சந்தனத்துல கோட்ட விட்டேன். அன்னிக்கே மாமாகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். எழுது."

எழுதிவிட்டேன். பெற்றவன் என்ற முறையில் அந்த வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். அச்சில் தெரியாது. மூன்றாம் பகுதியையும் படித்தாள். சிரித்துக்கொண்டே போனாள்.

5.

அடுத்த ஆனியில் சடையப்பன் ஒரு பண்ருட்டிப் பலாப்பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடுவரை நடந்தே வந்தான். (டாக்டர் பார்த்திருந்தால் மறுபடி படுக்கவைத்திருப்பார்.) வாசலில் நானும் இளவரசியும் நின்றோம்.

"கோட்ட அழிச்சவங்களுக்குத்தான் முழுப் பழமும்" என்றான்.

முடிவு ஒன்று: பழத்தை என் முன்னால் இறக்கி வைத்தான்.

முடிவு இரண்டு: என்னைத் தாண்டிப் போய் இளவரசியின்...

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். உங்கள் வசதிக்கு ஒரு தகவல் மட்டும்: 2003-லிருந்து என் நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் இருக்கிறது, அதனால் அந்தக் காந்த அறைப் பக்கமே என்னை ஒருநாளும் விட்டதில்லை.