விஷ்ணுகிராந்தி காலண்டர்

பூவைப் படம் எடுக்கிறவனுக்குப் பூவே எதிரி என்பது 1967 ஜனவரியில்தான் எனக்குத் தெரிந்தது.

அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்து அப்போது பதினோரு வருஷம். கல்யாணம், காதுகுத்து, செத்தவர்களை நாற்காலியில் கட்டி உட்கார வைத்து எடுத்த கடைசிப் படம் என்று ஊரில் பாதிச் சுவர்களில் நான் எடுத்ததுதான் தொங்கியது. எடுத்தது யார் என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. மதுரை ஸ்டுடியோக்காரர்கள் அட்டையின் முன்பக்கம், படத்துக்குக் கீழே, நட்டநடுவில் தங்கள் பெயரை அழுத்திக் கொடுப்பார்கள். எனக்கு அட்டைக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. அதைப் படிக்கிறவை கரப்பான்பூச்சிகள் மட்டும்தான்.

சிவகாசி அச்சாபீஸ் ஒன்றின் மானேஜர் சங்கரபாண்டியன் மார்கழியில் குடும்பப் படம் எடுக்க வந்தார். "சாமி படமாப் போட்டுச் சலிச்சுப் போச்சு. பனியோட காட்டுப்பூ ஒண்ணு கலர்ல குடுங்க. அடுத்த வருசக் காலண்டர்ல போட்டுருவோம்" என்றார்.

"எம்பேரு வருமா?"

"வந்துட்டுப் போகுது. எங்க போடணும்?"

"படத்துக்குக் கீழ, நட்டநடுவுல, பெருசா."

அவர் அதைச் சின்ன டைரியில் எழுதிக்கொண்டார். 'படம்: மு. தனுஷ்கோடி, அருப்புக்கோட்டை.' எட்டிப் பார்த்து எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். பதினோரு வருஷத்தில் ஒரு படமாவது என் பெயரோடு தொங்கட்டுமே!

மெட்ராஸிலிருந்து ஒரே ஒரு கலர் ரோல் வரவழைத்தேன். பன்னிரண்டு படம்தான் எடுக்கலாம். திருச்சுழி ரோட்டில் ஐந்து மைல் தள்ளி, கொண்டைக்கடலை விதைத்த ஒரு கரிசல் புஞ்சையின் வரப்பில் விஷ்ணுகிராந்தி படர்ந்திருந்தது. சட்டைப் பொத்தான் அளவுக்கு நீலப்பூ. இதைவிட்டால் வேறு இல்லை என்று முடிவு செய்தேன். எந்தக் கிறுக்கன் என்னை அப்படி முடிவு செய்யச் சொன்னானோ!

முதல் நாள் விடியுமுன் சைக்கிளில் போய் மண்ணில் குப்புறப் படுத்தேன். செடியெல்லாம் பனி. ஆனால் ஒரு பூகூட விரியவில்லை. வெயில் பட்டால்தான் அது கண் திறக்குமாம். சரி என்று காத்திருந்தேன். வெயில் வந்தது, பூக்கள் விரிந்தன. அதற்குள் பனி காய்ந்துவிட்டது. பனி இருந்தால் பூ இல்லை, பூ இருந்தால் பனி இல்லை. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷம் இருக்கலாம். அந்த ஐந்து நிமிஷமும் நான் லென்ஸில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் அந்த ஐந்து நிமிஷத்தில் காற்று அடித்தது. பூ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஐந்து படம் வீணாயிற்று. வீட்டுக்கு வந்து காரணமே இல்லாமல் கஸ்தூரியைத் திட்டினேன். பாவம், அவள் என்ன செய்வாள், கட்டிக்கொண்டதைத் தவிர!

மூன்றாம் நாள் காற்று இல்லை. வரப்பின் கிழக்குச் சரிவில் ஒரே ஒரு பூ பாதி விரிந்திருந்தது, இதழ் ஓரத்தில் நாலு துளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானில் விரலை வைத்தேன். சொத்தென்று ஒரு வெள்ளைத்துணி வந்து பூவின்மேல் விழுந்தது.

கத்திவிட்டேன். புஞ்சைக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்ய்யா கத்துறீக? பாம்பு கீம்பு பாத்தீகளா?"

"பனியத் தொடச்சிட்டியேம்மா! மூணு நாளா இந்தப் பனிக்காகக் கெடக்கேன்!"

"பனிக்கா? இந்தா, செம்பு நெறைய இருக்கு" என்று நீட்டினாள்.

அவள் பெயர் சங்கரம்மாள், புஞ்சைக்காரி. கடலைச் செடிமேல் துணியைப் போட்டு இழுத்து, அதில் ஏறும் பனியைப் பிழிந்து செம்பில் பிடிக்கிறாள். அந்தத் தண்ணீருக்குப் பேர் கடலைப் புளிப்பாம், வயிற்றுவலிக்கு மருந்தாம். ஒரு செம்பு சேர நாலு நாள் ஆகுமாம். டவுனிலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாது. விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"நாளைக்கு வாங்க. ஒங்க பூவுப் பக்கம் துணி வராது."

நாலாம் நாள் துணி வந்தது, அவளே கொண்டுவந்தாள். சரியான நேரத்தில் காற்று கிளம்பியதும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் துணியைத் திரை மாதிரி விரித்துப் பிடித்துக் காற்றை மறைத்தாள். வெள்ளைத்துணியில் பட்ட வெயில் திரும்பிப் பூவின் நிழல்பக்கத்தில் விழுந்தது. இதழ் உள்ளிருந்து எரிகிற மாதிரி நின்றது. மீதி ஏழையும் எடுத்தேன்.

"காலண்டர்ல ஒங்க பேரு வருமாக்கும்? தோளு கடுக்கப் பிடிச்சு நின்னது நானு" என்றாள்.

சிரித்துச் சமாளித்தேன். அவள் பெயரையும் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

ஏழில் ஒன்று தேறியது. நீலப்பூ, நாலு துளி, ஒவ்வொரு துளியிலும் ஒரு சூரியன். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. "இதுக்குத்தானா பனியில கெடந்து இந்த இருமலு?" என்று கேட்ட கஸ்தூரிகூட அதை விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

டிசம்பரில் காலண்டர் வந்தது. வாசலிலேயே பிரித்தேன். பூ அப்படியே இருந்தது, துளி அப்படியே இருந்தது. பெயரைத் தேடினேன். படத்துக்குக் கீழே, நட்டநடுவில், முந்நூற்று அறுபத்தாறு தாள் கொண்ட தேதிக் கட்டை வைத்துக் கம்பி அடித்திருந்தார்கள்.

அடுத்த பஸ்ஸில் சிவகாசிக்குப் போய்ச் சங்கரபாண்டியன் மேஜையில் காலண்டரை வீசினேன். அவர் நிதானமாக டைரியைப் புரட்டிக் காட்டினார்.

"கீழ, நட்டநடுவுலன்னு நீங்கதானய்யா சொன்னீக. தினசரிக் காலண்டர்ல தேதி வேற எங்க வரும்? பேரு உள்ளதான் இருக்கு. டிசம்பர் முப்பத்தொண்ணு கிழிச்சதும் பளிச்சுன்னு தெரியும்."

கிழித்த மறுநாள் காலண்டரை யார் சுவரில் வைத்திருப்பார்கள்? கேட்டுத்தான் என்ன பயன்? ஐயாயிரம் காலண்டர் ஏற்கெனவே வெளியே போயிருந்தது.

ஜனவரி முதல் தேதி காலையில் பல்கூட விளக்கவில்லை. நடுவீட்டில் மாட்டியிருந்த காலண்டரில் தேதிக் கட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தேன். கம்பி விரலைக் கிழித்தது. அதன் அடியில் கறுப்பு எழுத்தில், பெரிதாக, நான் கேட்ட மாதிரியே என் பெயர். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கஸ்தூரி அடுப்படியிலிருந்து வந்தாள். தரையில் கிடந்த வருஷத்தைப் பார்த்தாள்.

"அமாவாசை, கார்த்திகையெல்லாம் இனி நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

ஜவுளிக்கடையில் கொடுத்திருந்த முருகன் காலண்டரை எடுத்து வந்து அதே ஆணியில், என் படத்துக்கு மேலேயே மாட்டினாள். வீட்டில் ராகுகாலம் பார்க்க வேண்டுமே! அந்த வருஷம் முழுவதும் பூவும் தெரியவில்லை, பெயரும் தெரியவில்லை.