கிணற்றில் இறங்கிய புடலங்காய்

விமலகுமாரியின் வீட்டுப் பின்புறத்தில் காய்த்த புடலங்காய் 1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கிணற்றின் அடியைத் தொட்டது. அதை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டுப் பொன்னப்பன். மதில் வழியாக எட்டிப் பார்த்து, "விமலே, உனக்க புடலங்கா அடியில முட்டியாச்சு, கேட்டியா" என்று சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போனார். பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் இருக்கும் அந்த ஊரில் அந்த வருடம் இதைவிட அதிகமாகப் பேசப்பட்டவை இரண்டே விஷயங்கள். ஒன்று ரப்பர் விலை. மற்றொன்று, ஊர்க் கிறிஸ்தவச் சபையின் அறுப்பின் பண்டிகை தள்ளிக்கொண்டே போனது. புடலங்காய் அத்தனை நீளம் வளர்ந்ததற்கு அந்தப் பண்டிகைதான் காரணம்.

விமலகுமாரியின் கணவர் ரெத்தினதாஸ் அமரவிளை சாலையோரத்தில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஊரில் மொபெட்டும் ஸ்கூட்டரும் பெருகப் பெருக, கடைசியில் ஓசியில் காற்றடிக்க வரும் பள்ளிப் பிள்ளைகள்தாம் அவருக்கு மிஞ்சினார்கள். போதாக்குறைக்கு வீட்டுக் கிணறும் வற்றிப்போயிருந்தது. பக்கத்தில் ஓடிய கால்வாய்க் கிளை மண்மூடிய வருடத்திலிருந்து அதில் ஒரு சொட்டு இல்லை. பொன்னப்பன் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும். அதுவும் கோடையில் கலங்கிவிடும். அப்போது அவர் கொடுக்கமாட்டேன் என்று சொல்வதில்லை, கொல்லைப்பக்கம் வராமல் இருந்துவிடுவார். இந்த நிலைமையில் வெள்ளறடையிலிருந்து ரெத்தினதாஸின் அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். தன் ரப்பர் தோட்டத்தில் பாலை ஷீட்டாக அடிக்கும் மிஷினைப் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை தருகிறேன், ஈஸ்டர் கழிந்தால் ஜீப்பே அனுப்புகிறேன் என்றார். ரெத்தினதாஸ் சரி என்று சொல்லிவிட்டார்.

விமலகுமாரி சரி என்று சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவள் அந்த வெள்ளறடை வீட்டில் இரண்டு வருடம் இருந்தவள். அங்கே அண்ணி ரத்னபாயின் ராஜ்யம். தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றாலும் அண்ணியிடம் கேட்க வேண்டும். அண்ணி உள்ளே போய், தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, கொஞ்சம் திருப்பி ஊற்றிவிட்டுக் கொடுப்பாள். இப்போது இருக்கிற ஓட்டு வீடு விமலகுமாரிக்கு அம்மா வழியில் வந்தது. யாரையும் கேட்காமல் அடுப்புப் பற்றவைக்க அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அது. தண்ணீருக்கு அவளால் எதுவும் செய்ய முடியாது. செலவைக் குறைக்க முடியும் என்று பட்டது. முந்தைய வருடம் ஐப்பசியில், துலாமாத மழை தொடங்கியதும் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்புறத்தில் இறங்கினாள்.

அந்தப் பின்புறம் பல வருடமாக யாரும் கால்வைக்காத இடம். காட்டுச்செடி ஆளுயரம் நின்றது. உடைந்த ஓடுகள், துருப்பிடித்த சைக்கிள் ரிம்கள், யாருடையது என்று தெரியாத ஒரு குடை எல்லாம் கிடந்தன. செடியை வெட்டி அங்கேயே குவித்து மூடி உரமாக்கினாள். தேங்காய் மட்டைகளைக் குழிகளில் கவிழ்த்துப் புதைத்தாள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய வெள்ளரியிலிருந்தும் பூசணியிலிருந்தும் விதை எடுத்து அடுப்புச் சாம்பலில் புரட்டி உலர்த்தினாள். அரிசி கழுவிய தண்ணீர் கத்தரிக்கு, மீன் கழுவியது பயறுக்கு, குளித்த தண்ணீர் ஓடை வழியாகச் சேம்புக்கு என்று ஒரே குடத்தைப் பலமுறை செலவழித்தாள். பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் கிழிந்த வலை ஒன்றைச் சும்மா கொடுத்தாள். கம்பு நட்டுப் பந்தல் போட ஆளும் இல்லை, கம்பும் இல்லை. அதனால் வலையைக் கிணற்றின் வாய்க்கு மேலே விரித்துக் கட்டி, அதில் புடலையை ஏற்றிவிட்டாள். வற்றிய கிணற்றால் இப்படி ஒரு உபகாரமாவது இருக்கட்டுமே என்று நினைத்தாள். காய்கள் உள்ளே தொங்கலாம், ஆடு எட்டாது.

கிறிஸ்துமஸுக்குள் உள்ளியும் மிளகும் தவிர அந்த வீட்டில் கறிக்கென்று எதுவும் விலைகொடுத்து வாங்கவில்லை. ரெத்தினதாஸ் பயறுத் தோரனைச் சோற்றில் பிசைந்துகொண்டே, "கறிக்கு ஆச்சு. குடிக்க வெள்ளத்துக்கு நீ என்ன செய்வா? அதையும் சாம்பல்ல புரட்டி நடுவியா?" என்று கேட்டார். விமலகுமாரி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செடியிலும் முதல் காய் ஆண்டவருக்கு. அதை அறுப்பின் பண்டிகையன்று ஆலயத்தில் கொண்டுபோய் வைத்தால், ஆராதனை முடிந்து ஏலம் போடுவார்கள். விவரமுள்ளவர்கள் சபைச் செயலாளரிடம் தேதி கேட்டுவிட்டுத்தான் காயை நேர்ந்து விடுவார்கள். விமலகுமாரி தேதி கேட்கவில்லை. முதல் புடலம்பிஞ்சைக் கண்ட சந்தோஷத்தில் அதன் காம்பில் சிவப்புத் துணி கட்டி, காய் வளையாமல் நேராக இறங்குவதற்காக நுனியில் வழக்கம்போல ஒரு கல்லையும் கட்டி, ஜெபம் பண்ணி, "இது கர்த்தருக்குள்ளதாக்கும், ஒருத்தரும் தொடப்பிடாது" என்று சொல்லிவிட்டாள்.

பண்டிகை ஜனவரியில் வர வேண்டியது, வரவில்லை. ஏலத்தை விருந்துக்கு முன்னால் நடத்துவதா, பின்னால் நடத்துவதா என்று சபை இரண்டாகப் பிரிந்தது. பின்னால் நடத்தினால் சாப்பிட்டவர்கள் கைகழுவிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்கள் என்றது ஒரு கட்சி. முன்னால் நடத்தினால் சோறு ஆறிப்போகிறது என்றது மற்றது. பண்டிகை பிப்ரவரிக்குப் போனது, பிறகு மார்ச்சுக்கு. நேர்ந்த காயைப் பண்டிகைக்கு முன்னால் பறிக்க முடியாது, கல்லையும் அவிழ்க்க முடியாது. கூடப் பிறந்த காய்கள் எல்லாம் கூட்டாகியும் விதையாகியும் முடிந்தன. இது மட்டும் பழுக்காமல், பச்சை வெளுக்காமல், இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைத் தாண்டியது. வெட்டுக்கல்லில் முளைத்த பெரணிகளைத் தாண்டியது. பொன்மான் என்கிற மீன்கொத்தி குஞ்சு பொரிக்கும் பொந்தைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கி இறங்கியது. விவசாய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, தூரில் இன்னும் கொஞ்சம் சாம்பல் போடச் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வந்தவர்களில் யாரும் கிணற்றில் எச்சில் துப்பக்கூடாது என்பதைத் தவிர விமலகுமாரி வேறு கட்டுப்பாடு வைக்கவில்லை.

மார்ச் மாதத்தில் அது அடியைத் தொட்டது, நிற்கவில்லை. கல்லோடு சேறு காய்ந்த தரைக்குள் புகுந்தது. ஒரு வாரம் கழித்து, விடியற்காலையில் பின்முற்றம் பெருக்கப் போன விமலகுமாரியின் தோளில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. மழை இல்லை, பனியும் இல்லை. புடலைக் கொடியின் ஒவ்வோர் இலை நுனியிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. காய் அடியிலிருந்து உறிஞ்சிக் கொடிக்குக் கொடுக்க, கொடி தனக்குப் போக மிச்சத்தைக் கீழே விட்டது. அவள் ஓடிப்போய்ப் பாத்திரங்களை எடுத்துவந்து பந்தலின் கீழே பரப்பி வைத்தாள். குடம், அண்டா, புட்டுக்குடம் எல்லாம் நிறைந்தன. தண்ணீரில் லேசாகப் புடலங்காய் வாசம் அடித்தது. சாயா போட்டால் தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் விடியும்போது இலைகள் ஒழுகின, வெயில் ஏறியதும் நின்றன. குடிக்கவும் குளிக்கவும் துணி அலசவும் போதுமாக இருந்தது. ரெத்தினதாஸ் கடைக்குப் போவதற்கு முன்னால் தன் கையாலேயே பாத்திரம் வைக்கத் தொடங்கினார். வெள்ளறடையைப் பற்றிய பேச்சு அவர் வாயில் குறைந்தது. ஒரு நாள் பொன்னப்பன் மதிலோரம் வந்து நின்று, "மக்கா, எங்க கிணறு கலங்கிப்போச்சு" என்றார். ரெத்தினதாஸ் ஒரு குடத்தைத் தூக்கி மதிலுக்கு மேலே நீட்டினார். "கை நனையாம பிடிங்க அண்ணா. வெள்ளம் கர்த்தருக்குள்ளதாக்கும்." "உங்க கர்த்தர் எனக்கும் அடுத்த வீடுதானேடே" என்றார் பொன்னப்பன்.

ஈஸ்டர் கழிந்து, எந்தக் கட்சியும் ஜெயிக்காமலேயே, ஏப்ரல் கடைசி ஞாயிறு பண்டிகை என்று தீர்மானமானது. ஏலம் எப்போது என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பண்டிகைக்கு மறுநாள் திங்கட்கிழமை ஜீப் வருகிறது என்று வெள்ளறடையிலிருந்தும் தகவல் வந்தது. செயலாளர் சுந்தரதாஸ் வீட்டுக்கு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். காயைப் பறித்தால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜீப்பில் ஏற வேண்டியதுதான். அது அவருக்கும் தெரிந்தது. அன்று சாயங்காலமே போதகரை அழைத்துவந்தார். போதகர் நல்ல மனிதர். ஒரு பூசணிக்காயைப் பதிலுக்குக் கொடுத்தால் போதும், ஆண்டவர் கணக்குப் பார்க்கிறவர் இல்லை என்றார்.

"பின்ன என்ன, போதகர் அய்யரே சொல்லியாச்சு" என்றார் ரெத்தினதாஸ். போக வேண்டும் என்று முதலில் நின்றவர் அவர்தான். "நல்ல பூசணியாப் பாத்து ரெண்டு குடுப்போம்."

"நேந்து விட்டது புடலங்கா" என்றாள் விமலகுமாரி. "இப்ப வெள்ளம் வருதுன்னு பூசணியக் குடுத்தா, அது அண்ணி எண்ணெ ஊத்தினது மாதிரியாக்கும். குடுத்துட்டுத் திருப்பி ஊத்துகது."

"அப்ப திங்கக்கிழம அந்த அண்ணிக்க வீட்டிலதான் நீ கிடப்பா, பாத்துக்க."

"கிடக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை காலை இலைகள் ஒழுகி முடித்ததும் கத்தியோடு வந்தாள். ரெத்தினதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சுந்தரதாஸும் சபையின் ஆண்கள் சிலரும் காயைத் தூக்கக் கயிறோடு வந்திருந்தார்கள். மதிலுக்கு அந்தப்பக்கம் பொன்னப்பன் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். விமலகுமாரி சிவப்புத் துணிக்கு மேலே காம்பை வெட்டினாள். காய் சரிந்து விழப்போகிறது என்று எல்லோரும் பின்னால் ஒதுங்கினார்கள். அது விழவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மேலே வரத் தொடங்கியது. வந்த வேகத்துக்கு வலை கிழிந்தது. காய் நிமிர்ந்தபடி தென்னை உயரத்துக்கு எழுந்து, வளைந்து, சேப்பங்கன்றுகளின் மேல் மெதுவாகச் சாய்ந்தது. பிறகும் வந்துகொண்டே இருந்தது. ஆண்கள் கயிற்றை எறிந்துவிட்டுக் கையால் வாங்கி வாங்கிச் சுருட்டி வைத்தார்கள். கல் கட்டிய நுனி கடைசியாக வந்தது. அதன் பின்னால், அதைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் வந்தது. ஊற்றைத் துளைத்துத் திறந்ததும் அந்தக் காய்தான், இத்தனை நாளும் அதற்கு அடைப்பாக இருந்ததும் அதுதான். கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே வந்து தண்ணீர் நின்றது, பொன்மான் பொந்தை விட்டுப் பறந்து மதிலில் உட்கார்ந்தது.

ரெத்தினதாஸ் குனிந்து கையை விட்டு அள்ளிக் குடித்துப் பார்த்தார். "வாசம் இல்ல" என்றார்.

விமலகுமாரி கிணற்றோரத்தில் உட்கார்ந்தாள். அழுதாள் என்று சிலர் சொன்னார்கள். முகம் கழுவினாள் என்றார் பொன்னப்பன்.

மறுநாள் புடலங்காயை ஆண்கள் வரிசையாகத் தோளில் சுமந்து ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்னால் போனவர்கள் வாசலில் நுழைந்தபோது பின்னால் இருந்தவர்கள் இன்னும் சாலை வளைவில் நின்று ஆட்டோக்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார்கள். துண்டு துண்டாக வெட்டித்தான் ஏலம் விட முடிந்தது. விருந்துக்கு முன்னால் தொடங்கிய ஏலம், சோறு பரிமாறும்போதும் நடந்து, எல்லோரும் கைகழுவிய பிறகும் முடியவில்லை. இரண்டு கட்சியும் தாங்கள் சொன்னதுதான் நடந்தது என்று திருப்தியாக வீட்டுக்குப் போயின. பஸ் ஏறியவர்களின் கையிலும் ஒரு துண்டு இருந்தது. அந்த வாரம் முழுவதும் களியக்காவிளைச் சந்தையில் புடலங்காயைக் கேட்க நாதியில்லை.

திங்கட்கிழமை சொன்னபடி வெள்ளறடையிலிருந்து ஜீப் வந்தது. விமலகுமாரி டிரைவருக்குச் சாயா கொடுத்தாள், யாரும் வரவில்லை என்றாள். வெறும் வண்டியைத் திருப்பி அனுப்புவது மரியாதையில்லை என்பதால், ஏலம் போகாமல் கிடந்த துண்டுகளைப் பின்னால் ஏற்றினார்கள். ஜீப் நிறைந்துவிட்டது. ரத்னபாய் அதைப் பத்து நாள் கறி வைத்தாள். கேட்டவர்களிடமெல்லாம், காய் நல்லதுதான், முற்றல் இல்லை, கொஞ்சம் எண்ணெய் அதிகமாக இழுக்கிறது என்று சொன்னாள்.