பாலம் வந்தால் எழுந்திருக்க வேண்டும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கிறதாம். எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இருட்டோடு எழுந்து, சமைத்து, பெண்ணுக்குத் தலை பின்னி, ஸ்டேஷனுக்கு ஓடி, ரயிலில் நசுங்கி, இறங்கி, பஸ்ஸில் இன்னொரு முறை நசுங்கி வேலைக்குப் போய்ச் சேருகிறேன். சாயங்காலம் இதையே தலைகீழாகச் செய்து வீட்டுக்கு வருகிறேன். கோபத்தை மூக்கின் மேல்தான் வைத்துக்கொள்ள முடியும். அந்தக் கூட்டத்தில் கைப்பை வைக்கவே இடம் கிடையாது.

நான் கண் செய்கிறவள். நிஜமாகவே கண்தான். விபத்திலோ நோயிலோ ஒரு கண்ணை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கண் செய்து பொருத்தும் சின்னப் பட்டறை ஒன்று, நகரத்தின் அந்தக் கோடியில், ஒரு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறது. ஆளை ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, இருக்கிற கண்ணைப் பார்த்துப் பார்த்து இன்னொன்றுக்கு நிறம் தீட்டுவேன். வெள்ளை விழியில் ஓடும் நரம்புக்குச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழை இழையாக ஒட்டுவேன். இந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் வேறு இடம் கிடையாது.

என் வீட்டுக்காரர் முடி வெட்டுகிறவர். மாடியில் வீடு, கீழே கடை. படி இறங்கினால் வேலை, ஏறினால் சாப்பாடு. செருப்புத் தேயாத உத்தியோகம் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

இவரிடம் முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்களில் ஒருவர், தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "உங்க வீட்டம்மாவுக்குக் கண்ணைப் பத்தி எல்லாம் தெரியுமே, நம்ம கடைக்கே வரட்டுமே" என்று ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, "இது உங்க முகத்துக்கு எடுப்பா இருக்குங்க" என்று பொய் சொல்வது, அவ்வளவுதான் வேலை. நடந்தே போகலாம்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எங்கள் பெண் இருக்கிறாளே. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அப்பாவின் கடைக்கு வந்துவிடுவாள். யார் யாரை அடித்தார்கள், டீச்சர் எதற்குச் சிரித்தார் என்று அன்றைய கதை முழுவதையும் காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் கொட்டிவிடுவாள். நான் வந்து, "இன்னைக்கு என்னடி நடந்துச்சு?" என்று கேட்டால், "அதான் அப்பாகிட்ட சொல்லிட்டேனே" என்று கொட்டாவி விடுவாள். மறுபடி சொல்லச் சொன்னால் சுவாரசியம் போய்விடுமாம். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கூட எங்கள் கடையில் முடி வெட்டிக்கொள்கிறபோதெல்லாம் அந்தக் கதையைக் கேட்கிறார். பெற்றவளான எனக்கு மட்டும் கிடைப்பதில்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை, "சரி, சேர்ந்துக்கறேன்னு சொல்லிடுங்க" என்றேன். அன்று என் வீட்டுக்காரர் கடைக்கு வார விடுமுறை. முகம் பூரித்துப்போய்விட்டது மனிதருக்கு.

"அப்ப இன்னைக்கு நானும் உன்கூட வரேன். நீ வேலை பாக்குற இடத்தை நான் பார்த்ததே இல்லையே" என்றார்.

"விடப்போறப்பதான் பார்க்கத் தோணுதாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினேன்.

எங்கள் ரயிலில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை. பாதி வழியில் ஆற்றுப் பாலம் வரும். அதுவரை உட்கார்ந்து வந்தவர்கள் பாலத்தில் எழுந்துகொள்ள வேண்டும், நின்று வந்தவர்கள் உட்கார வேண்டும். தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, துணைக்குக் கணவரே வந்திருந்தாலும் சரி, பாலம் பாலம்தான். அதைத்தான் நான் அவரிடம் சொல்ல மறந்தேன். விருந்தாளி ஆயிற்றே என்று, கிடைத்த ஒரே இடத்தில் அவரை உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ரயில் பாலத்தில் ஏறியது. சடசடவென்று ஆட்கள் எழுந்தார்கள், மாறினார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், தினமும் ரயிலில் ஸ்வெட்டர் பின்னுகிற அக்கா. பின்னல் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அக்காவும் ஊசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். இவர் மட்டும் அசையவில்லை.

"தம்பி, பாலம் வந்தாச்சு" என்றார் பின்னல் அக்கா.

"நான் இறங்கற இடம் இது இல்லீங்க" என்றார் இவர், ரொம்ப மரியாதையாக.

பெட்டியே சிரித்தது. "இறங்கச் சொல்லல தம்பி, எந்திரிக்கச் சொன்னேன். உங்க சம்சாரம் அங்கேருந்து நின்னுட்டு வர்றாங்கல்ல?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அவளா? அவளுக்குப் பழக்கம்ங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். என்னைப் பெருமையாகச் சொல்வதாகக்கூட நினைத்திருப்பார். எனக்கோ உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

"ஆமாங்க, பழக்கம்தான்" என்றேன். குரல் எனக்கே கணீரென்று கேட்டது. "கல்யாணம் ஆனதுலேருந்து பழக்கம். உங்க கடை நகராது. உங்க நாற்காலி நகராது. உங்க கண்ணாடி நகராது. நகர்றது எல்லாம் நான். அலையறது நான். இப்ப வேலையை விட்டுட்டு வர்றதும் நான். நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எந்திரிச்சா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு அவருக்கும் கோபம் வந்தது.

"நானா உக்காந்திருக்கேன்? ஊர்ல இருக்கறவன் எல்லாம் என் நாற்காலியில உக்காந்திருக்கான். நான் காலையில நின்னா கடை சாத்துற வரைக்கும் நின்னுக்கிட்டுதான் வெட்டறேன். என் கால் நரம்பை நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவளே நான்தான். அவர் சொன்னது உண்மைதான். நான் சொன்னதும் உண்மைதான். அவர் எழுந்தார். நான் உட்கார்ந்தேன். மீதி வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே நின்று வந்தார். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாலு பேர் முன்னால் கட்டினவரைப் பேசிவிட்டோமே என்று ஒரு பக்கம் குறுகுறுத்தது. இத்தனை நாள் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டதே என்று இன்னொரு பக்கம் லேசாகவும் இருந்தது.

பட்டறையில் அன்று ஒரு லாரி மெக்கானிக்குக்குக் கண் பொருத்த வேண்டும். இரும்புத் துண்டு தெறித்துப் போன கண். போன வாரம் நிறம் தீட்டும்போது முழு நேரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். எதிரே யார் இருந்தாலும் அவருக்கு அதே பழக்கம் ஆகிவிட்டிருந்தது. நான் வாய் ஓயாமல் பேசிப் பேசித்தான் அவரை நேராகப் பார்க்கவைத்தேன். ஆள் இறுக்கமாக இருந்தால் கண்ணும் இறுகிப்போகும். சரியான நிறம் பிடிபடாது. பேசுவதும் இந்த வேலையில் பாதி.

என் வீட்டுக்காரர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் இமையைத் தூக்கி, கண்ணை மெதுவாக உள்ளே நழுவவிட்டு, "இப்ப மேலே பாருங்கண்ணே, கீழே, என்னைப் பாருங்க, அழகா இருக்கறவளைப் பார்க்கக் கூலியா கேக்கறீங்க?" என்றேன். மெக்கானிக் சிரித்துவிட்டார். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நேராக. அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "தலை ஏன் இப்படிக் காடு மாதிரி இருக்கு?" என்றார். "நான் கண்ணாடி பார்த்தே ரொம்ப நாளாச்சும்மா. சீப்பு இருக்கா?"

என்னிடம் இல்லை. மூலையில் இருந்தவர் எழுந்து வந்தார். எங்கே போனாலும் அவர் சட்டைப்பையில் ஒரு சீப்பு இருக்கும். மெக்கானிக்கின் முடியைக் கோதி, வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்துச் சரிசெய்தார். பிறகு முடியை விட்டுவிட்டு, நான் செய்த கண்ணையே குனிந்து பார்த்தார். பதினைந்து வருஷத்தில் ஒரு முகத்தில் முடியைத் தவிர வேறெதையும் அவர் அப்படிக் கவனித்து நான் பார்த்ததில்லை.

மெக்கானிக் போனதும் இவர் என்னிடம் வந்தார். "நான் கிளம்பறேன். பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வந்துடுவா" என்றார். காலையில் நடந்ததைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. போய்விட்டார். கல்லுளிமங்கன் என்று திட்டிக்கொண்டே தூரிகையைக் கழுவினேன். கழுவும்போதே அழுகை வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் இந்தத் தூரிகையை வேறு யாரோ கழுவுவார்கள் என்று தோன்றிவிட்டது. ஃபிரேம் விற்கப்போகிறேன் என்பது அதுவரை வெறும் பேச்சாக இருந்தது. அப்போதுதான் அது எனக்கு உறைத்தது.

சாயங்கால ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ஆகவே பாலத்தில் எழுந்தேன். பாலத்தைத் தாண்டி ஒரு ஸ்டேஷன். நாங்கள் யாரும் அதில் இறங்குவதில்லை. ரயில் நின்றபோது, "அம்மா! அம்மா!" என்று ஒரு கத்தல். எந்தப் பிள்ளையோ என்று திரும்பினால் என் பிள்ளை. பிளாட்பாரத்தில் பள்ளிக்கூடப் பையோடு குதித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் இவர். அடித்துப்பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒண்ணும் ஆகல. முதல்ல மூச்சு விடு" என்றார். "மத்தியானம் வீட்டுக்குப் போகலாம்னுதான் ஏறினேன். பாலத்தைத் தாண்டினதும் என்னமோ இறங்கத் தோணுச்சு. இந்தத் தெருக்கோடியில ஒரு முடி வெட்டுற கடை. நாற்காலி ரெண்டு, ஆள் ஒருத்தர். ரெண்டாவது நாற்காலியில பழைய பேப்பர் அடுக்கி வெச்சிருக்கார். கேட்டேன். வெட்டிக் காட்டுன்னார். வெட்டினேன்."

"யாருக்கு?"

"அவருக்கேதான். பிடிச்சிருக்குன்னார். அப்புறம் வீட்டுக்குப் போய் இவளைக் கூட்டிக்கிட்டு வந்தேன். பள்ளிக்கூடமும் பார்த்தாச்சு, கடைக்குப் பின்னாலயே இருக்கு. நாம இங்கேயே குடி வந்துட்டா உனக்குப் பாதி தூரம்தான். இவ தூங்கறதுக்கு ரொம்ப முன்னாலயே வந்துடுவே."

எனக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "என்னை ஒரு வார்த்தை கேக்காம நீங்களே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டீங்களா?"

"முடிவு பண்ணல. நாற்காலியை வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்திருக்கேன். கேக்கத்தானே ரெண்டு பேரும் வந்து நிக்கிறோம்?"

"அங்கே உங்ககிட்ட வழக்கமா வர்றவங்க? இத்தனை வருஷமா சேர்த்த ஆளுங்க?"

"தலை எல்லா ஊர்லயும் இருக்கும்மா" என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்தார். "நீ செய்யுற வேலை எல்லா ஊர்லயும் இல்ல."

கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு, "கண்ணாடிக் கடைக்காரருக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றேன். "நீங்க சொன்னா வழவழன்னு இழுப்பீங்க."

"அம்மா, நான் சொல்லட்டுமா?" என்று பெண் என் கையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னைக்கு எங்க டீச்சர் சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்துட்டாங்க. யார் முதல்ல பார்த்தது தெரியுமா? நான்தான். அப்பாகிட்டகூட இன்னும் சொல்லல."

பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. டீச்சர் நடந்த மாதிரி நடந்து காட்டினாள், திரும்பிய மாதிரி திரும்பிக் காட்டினாள், நடுவில் தானே சிரித்து, விட்ட இடம் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வீட்டுக்குப் போகிற அடுத்த ரயில் வந்து நின்றது.

"ஏறலாமா?" என்றார் அவர்.

"இருங்க" என்றேன். "அவ இன்னும் முடிக்கல."