டோக்கன் இல்லாத காளை

நான்சி ஒரே பக்கத்தை மூன்று விதமாக எழுதி முடித்திருந்தாள். ரியாக்ட்டில் ஒன்று, வியூவில் ஒன்று, ஸ்வெல்ட்டில் ஒன்று. வலைப்பக்கம் சும்மா கிடக்காமல், தொட்டால் மாறுகிற மாதிரி செய்ய உதவும் ஃப்ரேம்வொர்க்குகள் அவை. எதை வைத்துக்கொள்வது என்பதை ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

மூன்றிலும் ஒரே பட்டியல்தான். ஜல்லிக்கட்டில் அவிழ்க்கப்போகும் காளைகள், உரிமையாளர் பெயர், பக்கத்தில் ‘வந்துட்டோம்’ என்று ஒரு பொத்தான். காளையோடு திடலுக்கு வந்தவர் அதைத் தொட்டால் பச்சை டிக் விழும். வாடிவாசலில் இப்போது நிற்கும் காளை எது என்பது மேலே தெரியும். தன் முறை நெருங்கும்போது லாரியிலிருந்து காளையை இறக்கினால் போதும். போன வருடம் உள்ளூர் வியாகுலமேரியின் காளை ஐந்து மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்று, வாடிக்குள் போகும் முன்பே படுத்துவிட்டது.

ஆவூரிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் நான்சியின் ஊரில் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஜல்லிக்கட்டு. விழாக் குழுத் தலைவர் சந்தனசாமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் காட்டு. சரியா ஓடுனா நோட்டீஸ்ல போடுறேன். இல்லேன்னா எப்பவும் போல மைக்ல கூப்பிட்டுக்கிறோம்.”

நோட்டீஸ் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வராவிட்டால் இந்த வருடம் வாய்ப்பு இல்லை.

“ரியாக்ட்லயே பண்ணு” என்றான் அண்ணன் மெல்வின். சென்னையில் மென்பொருள் வேலை, லீவில் வந்திருந்தான். “ஒனக்கு நாளைக்கு ஒரு வேலைன்னா அதைத்தான் கேப்பாங்க. சந்தேகம்னாலும் பதில் சொல்ல ஊருப்பட்ட ஆளு இருக்கு.”

“காளைக்காரவுங்க வேலையா கேக்கப் போறாங்க?”

“இ-சேவை மையத்துல ஒக்காந்து டோக்கன் பதிஞ்சு குடுக்குறவளுக்கு வாய மட்டும் பாரு.”

அவள் வியாகுலமேரியைத் தேடிக் கண்மாய்க்குப் போனாள். வியாகுலமேரி காளையை நீச்சலுக்கு இறக்கியிருந்தார். ஒரு கையில் கயிறு. இன்னொரு கையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். சிக்னல் ஒற்றைக் கோட்டில் நின்றது. திருவிழா நாளில் திடல் முழுக்க இப்படித்தான் இருக்கும்.

“அக்கா, மூணு லிங்க் அனுப்பியிருக்கேன். ஒவ்வொண்ணாத் தொறந்து பாருங்க.”

“மாடு இழுக்குதுடி. சீக்கிரம் வரச் சொல்லு.”

ரியாக்ட் பக்கம் வருவதற்குள் காளை அவரை இரண்டடி தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. அதில் நான்சி தேவையில்லாமல் சேர்த்திருந்த கூடுதல் நிரல் தொகுப்புகளும் அந்தத் தாமதத்துக்குக் காரணம். வியூ கொஞ்சம் முந்தி வந்தது. ஸ்வெல்ட்டில் எழுதியது தொட்டதும் வந்து நின்றது. வியாகுலமேரி கட்டைவிரலால் அமுக்கினார். பச்சை டிக்.

“இதுதான். மத்ததெல்லாம் வேணாம்.”

நான்சி வரப்பில் ஓடியே வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்க, “ஸ்வெல்ட்” என்றாள். மெல்வின் தலையில் அடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் வளாகத்தில் வேப்பமரத்தடியில் முப்பது பேர் போனோடு நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அமுக்க, பட்டியலில் டிக்குகள் மேலும் கீழுமாக விழுந்துகொண்டே வந்தன. நான்சி ஒவ்வொரு போனாக எட்டிப் பார்த்தாள். அவள் எழுதியது முப்பது கைகளில் ஓடிக்கொண்டிருந்தது.

“கோயில் காளையக் காணோமே” என்றார் சந்தனசாமி. சுற்றூர்க் கோயில் காளைகளைத்தான் முதலில் அவிழ்ப்பார்கள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை.

“இப்ப சேத்துருவோம், மாமா.”

பட்டியலின் உச்சியில் ஒரு கோயில் காளையைச் சேர்த்தாள். எல்லாப் பெயர்களும் ஒரு வரி கீழே இறங்கின. டிக்குகள் மட்டும் இறங்காமல் இருந்த இடத்திலேயே நின்றன.

“என் டிக்கைக் காணோம்” என்றார் வியாகுலமேரி. அவருடைய காளையின் பதிவு எண், அதாவது டோக்கன், நாற்பத்தொன்று. அந்த டிக் இப்போது நாற்பதாம் டோக்கன் சேவுகன் பெயரில் இருந்தது.

“சேவுகன் மாடு பொன்னமராவதியில வைக்கோல் தின்னுக்கிட்டு இருக்கு” என்று யாரோ சொல்ல, “இல்லப்பா, போன்ல ஏறி வந்துருச்சு” என்றார் இன்னொருவர். வளாகமே சிரித்தது.

சந்தனசாமி சிரிக்கவில்லை. “திடல்ல இப்படி ஆனா அடிதடிதான் நடக்கும். மைக்கே போதும்மா.”

“அப்பவே சொன்னேன்ல” என்றான் மெல்வின், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “ஃப்ரேம்வொர்க்க மாத்து. ரியாக்ட்ல எழுதுனது இருக்குல்ல, அதைக் காட்டு.”

அவன் மடிக்கணினியை வாங்கி ரியாக்ட் பக்கத்தைத் திறந்தாள். பத்து டிக் போட்டாள். உச்சியில் ஒரு கோயில் காளை. டிக்குகள் அங்கேயும் நின்ற இடத்திலேயே நின்றன. வியூவிலும் அப்படியே.

மெல்வின் குனிந்து பார்த்தான். “ஏ, இதுலயுமா?”

நான்சி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே தப்பு என்றால் தப்பு ஃப்ரேம்வொர்க்கில் இல்லை. மூன்றுக்கும் அவள் சொன்ன ஏதோ ஒன்றில் இருக்கிறது.

“அண்ணே, நான் எந்தக் காளைன்னே சொல்லல. எத்தனாவது வரிங்கறத மட்டும்தான் சொல்லியிருக்கேன். டிக்கு வரியைப் புடிச்சுக்கிட்டு நிக்குது.”

“டோக்கன் நம்பரைக் குடுத்துருக்கலாம்ல?”

“கோயில் காளைக்கு ஏது டோக்கன்? நம்ம பழக்கத்துல அதுக்கு மட்டும் கிடையாதுல்ல. அதுனாலதான் எல்லாத்துக்கும் வரி நம்பரையே வச்சேன்.”

மெல்வின் வாய் விட்டுச் சிரித்தான். “சென்னையில ஒருத்தனுக்கும் இந்தக் கஷ்டம் வராதுடி.”

அவள் சந்தனசாமியிடம் போய் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது அதுதான் முதல் தடவை. “மாமா, ஒரு ஊருக்குக் கோயில் காளை ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ரெண்டு வச்சா சண்டை வரும்.”

“பத்து நிமிஷம் குடுங்க.”

டோக்கன் இருந்தால் டோக்கன், இல்லாவிட்டால் ஊர்ப்பெயர். ஒவ்வொரு காளைக்கும் அதுவே அடையாளம். ஸ்வெல்ட்டில் எழுதியதைத் திறந்து, மாற்ற வேண்டிய இரண்டு வரிகளை மாற்றினாள். ஏழு நிமிடம் ஆனது.

“எல்லாரும் திரும்ப அமுக்குங்க.”

டிக்குகள் விழுந்தன. உச்சியில் ஒரு ஊரின் காளை. பெயர்கள் இறங்கின, டிக்குகளும் கூடவே இறங்கின. இரண்டாவது ஊர். மூன்றாவது ஊர். நாற்பத்தொன்றின் பச்சை, வியாகுலமேரியின் பெயரை விடவில்லை. சேவுகன் பெயருக்கு நேரே காலியாக இருந்தது.

“நடுவுல ஒண்ணைத் தூக்கு” என்றார் சந்தனசாமி. தூக்கினாள். “கீழ இருக்கறத மேல போடு.” போட்டாள். “யாராச்சும் போட்ட டிக்க எடுத்தா?” எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இடம் மாறவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸ் எழுதிய தாளை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

“அட்ரஸைச் சொல்லு. எழுத்தெழுத்தாச் சொல்லு, அச்சாபீஸ்காரன் தப்பாப் போட்டுருவான்.”

நான்சி சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது எழுத்துக்கே குரல் உயர்ந்துவிட்டது.