சந்தனம் வைத்த நான்கு புஷ்கள்

விஜயதசமி அன்று காலை, பூஜை அலமாரியைக் கலைத்துக்கொண்டிருந்த ரஞ்சனி ஒரு எவர்சில்வர் தட்டோடு ஷெட்டுக்கு வந்தாள்.

“இந்தாங்க, உங்க சாமானை எடுத்துக்கங்க. தட்டு எனக்கு வேணும். சாமிக்குப் பொரி கடலை வச்சது போதாதுன்னு இரும்பையும் ஊட்டுறீங்க.”

தட்டில் வாடிய சாமந்திக்கு நடுவே நான்கு இரும்புப் புஷ்கள் கிடந்தன. குட்டையான குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அவள் கணவர் தமிழ்மணி கை துடைத்துக்கொண்டிருந்த துணி கீழே விழுந்தது.

“இது எங்க இருந்துச்சு?”

“நீங்க வச்ச இடத்துலதான். காலையில ஸ்பேனரை எல்லாம் எடுத்தீங்க, இதை விட்டுட்டீங்க. சாமந்திப்பூ மூடிக் கிடந்துச்சு.”

ஷெட் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

அங்கே இருக்க வேண்டியது இங்கிலாந்தில் செய்த பழைய ட்ரையம்ப் கார். இரண்டே சீட், மடக்குக் கூரை. துருப்பிடித்த தகரமாகக் கொண்டு வந்து, தொழிற்சாலை வேலை போக மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்திருந்தார். கைலாசபுரத்துக் குடியிருப்பில் அவருக்கு ‘கார்க்காரர்’ என்றே பெயர். இன்ஜின், பெயின்ட் எல்லாம் முடிந்து, ஆயுத பூஜைக்கு முதல் நாள் கார்ப்பெட் ஒட்டியாயிற்று. டிரைவர் சீட் ஒன்றுதான் பாக்கி. பூஜையில் கருவிகளோடு அந்தப் புஷ்களையும் வைத்தார். வைத்த பிறகு மறுநாள் தீபாராதனை ஆகும்வரை ஒரு திருகாணியைக்கூடத் தொடக்கூடாது. அது வீட்டிலும் சட்டம், தொழிற்சாலையிலும் சட்டம்.

இன்று காலை தீபம் காட்டியதும் அவசரம் பிடித்துக்கொண்டது. விஜயதசமியில் தொடங்கியது விளங்கும் என்று மகள் கலைமதி சாவிக்கு நின்றாள். நல்ல நேரம் முடிவதற்குள் வண்டி வாசலைத் தாண்ட வேண்டும் என்று ரஞ்சனி தேங்காயோடு நின்றாள். அவர் சீட்டை வைத்தார், போல்ட்டை முடுக்கினார். போல்ட் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தது. அடியில் ஒரு வாஷர் கூடப் போட்டார். சீட்டை முன்னால் தள்ளி நிறுத்தியபோது டக்கென்று விழுந்து சீட்டைப் பூட்ட வேண்டிய கொக்கி மெத்தென்று நின்றது. புதுக் கார்ப்பெட், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். விரல் சொன்னதை மனசு கேட்கவில்லை.

அந்தப் புஷ்கள்தான் சீட்டின் தண்டவாளத்தைக் கார்ப்பெட்டுக்கு மேலே தூக்கிப் பிடிப்பவை. அவை இல்லாவிட்டால் தண்டவாளம் கம்பளத்துக்குள் புதையும். கொக்கி தண்டவாளத்தின் பல்லில் முழுதாக இறங்காது. சும்மா ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. காலை ஊன்றி பிரேக்கை அழுத்தும்போதுதான் முதுகு சீட்டைப் பின்னுக்குத் தள்ளும். சீட் போய்விடும், கால் பிரேக்கை விட்டுவிடும். எப்போது நிறுத்தியே ஆக வேண்டுமோ, அப்போது பார்த்து நிறுத்த முடியாது.

போனை எடுத்து மகளுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று அவருக்கு அது கண்ணில் தெரிந்தது. போன் அவள் கைப்பையில், பை பக்கத்துச் சீட்டில். எடுக்க வேண்டுமென்றால் அவள் குனிய வேண்டும். நெருப்பைத் தொட்டவர்போல அழைப்பைத் துண்டித்தார்.

“ஏன் கட் பண்ணிட்டீங்க?” என்றாள் ரஞ்சனி.

“வண்டி ஓட்டுறா. பேச வேணாம்.”

“முகம் ஏன் இப்படி இருக்கு?”

“வெயில்.”

கலைமதி ஸ்ரீரங்கத்தில் இருக்கும் தோழி ஜாஸ்லினை ஏற்றிக்கொண்டு முக்கொம்பு போவதாகப் பேச்சு. ஜாஸ்லினை அழைத்தார்.

“இன்னும் வரலையே அங்கிள். நானும் வாசல்லயே நிக்கிறேன். கார் மக்கர் பண்ணுதா? நான் வேணா பஸ்ல போயிடலாம்னு அப்பவே சொன்னேன்” என்று சிரித்தாள் அவள்.

“வந்ததும் வண்டியை எடுக்க விடாதம்மா. சாவியை நீ வாங்கி வச்சுக்க.”

சிரிப்பு நின்றது. “என்னாச்சு அங்கிள்?”

அவர் போனை வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

தஞ்சாவூர் சாலையில் பஸ்களும் லாரிகளும் வாழைக்கன்று கட்டிக்கொண்டு கல்யாண வீடுபோலப் போயின. கடைக்குக் கடை முன்னால் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் தடவிய சதை தார்ச்சாலையில் சிவப்புச் சிவப்பாய்ச் சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு சிவப்பும் தூரத்தில் தெரியும்போது அவர் வேகத்தைக் குறைத்தார். கிட்டே போனால் பூசணி. மறுபடி முடுக்குவார். அடுத்த சிவப்பு தெரியும். திருவெறும்பூர் தாண்டினார், அரியமங்கலம் தாண்டினார். வேண்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த நான்கு புஷ்களும் சாமிக்கு முன்னால்தானே இருந்தன.

பால்பண்ணை சந்திப்பில் பைபாஸ் ஏறியதும் வண்டிகள் நின்றிருந்தன. முன்னால் ஒரு லாரி டிரைவர் இறங்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க அங்க?”

“ஏதோ சின்ன காருங்க. கூரை இல்லாதது. பொம்பளப் புள்ள ஓட்டிட்டு வந்துச்சாம்.”

அதற்கு மேல் அவர் சொன்னது காதில் விழவில்லை. தமிழ்மணி ஸ்கூட்டரை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார். ஓட முடியவில்லை. ஓடினால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

கார், சாலைப் பணிக்கு அடுக்கிய மணல் மூட்டைகளில் மூக்கைப் புதைத்து நின்றது. டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. சீட் காலி.

கலைமதி தடுப்புச் சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் மடியில் கிடந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அவர் அவள் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், மறுபடியும் தலையைத் தொட்டார்.

“என் தப்புதாம்ப்பா” என்றாள். “பிரேக்கை மிதிச்சேன், கால் எட்டல. எப்படி எட்டாமப் போச்சுன்னே தெரியல. ஹேண்ட் பிரேக்கை இழுத்து இதுல விட்டேன். இனிமே நான் எந்த வண்டியும் தொட மாட்டேன்.”

அவர் சும்மா இருந்திருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருடைய பாதமோ என்பதுபோல.

“நீ சரியாத்தான் மிதிச்ச. சீட்டு நகந்துடுச்சு. அடியில போட வேண்டியதை நான் போடாம விட்டுட்டேன். பூஜைத் தட்டுலயே இருந்துச்சு.”

அவள் நிமிர்ந்தாள். லாரிகள் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கின.

“ஏன் அவ்வளவு வேகமா மிதிக்க வேண்டி வந்துச்சு?” அவர்தான் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“பைக்குள்ள போன் அடிச்சுது. யாருன்னு பாக்கலாம்னு திரும்புனேன். நிமிந்தா முன்னாடி மினி பஸ் நிக்குது.”

அவர் சாலையைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையை இழுத்து போனை எடுத்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி உள்ளே வைத்தாள்.

காரை இழுத்துப் போக ஆள் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பினார். கலைமதி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளைப் பிடிக்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“போலாமா?” என்றார்.

“மெதுவாப் போங்க.”

முதல் சிக்னல் தூரத்தில் சிவப்பாக எரிந்தது. அந்த ஸ்கூட்டரின் பிரேக்கையும் போன வாரம் அவர்தான் கழற்றி மாட்டியிருந்தார். வெகு முன்னாலேயே, யாரும் நிற்காத இடத்திலேயே, அவர் மெல்ல அழுத்த ஆரம்பித்தார்.