நூற்று நாற்பத்து மூன்றாவது கோல்

சொந்த மைதானத்தில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் தார்ன்பெக் கால்பந்துக் கழகத்தின் கோப்பை அறையில் இரண்டு கிழவர்களுக்கு வேலை உண்டு. இருவரும் ஒரு காலத்தில் அந்தக் கழகத்துக்கு ஆடியவர்கள். ஆட்டம் மூன்று மணிக்கு என்றால் பதினொன்றிலிருந்தே பார்வையாளர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். ரெஜ் ஆஷ்வொர்த் வெள்ளிக் கோப்பைகள் பக்கம் நின்றுகொள்வார். லீக் பட்டம் பதினொன்று, எஃப்.ஏ. கோப்பை ஏழு, ஐரோப்பியக் கோப்பை இரண்டு என்று விரல் மடக்கிச் சொல்வார். கைப்பிடியில் கட்டிய நாடாவை யாராவது தொட்டால் முறைப்பார். மற்றபடி நல்ல மனுஷன்தான்.

டெரிக் டட்டர்சால் நிற்பது எதிர்ச்சுவரில், சாதனைப் பலகைக்குக் கீழே. பலகையின் முதல் வரி ரெஜ்ஜுடையது: கழகத்துக்காக அதிக கோல்கள், 187. கடைசி வரி டெரிக்குடையது: ஒரு கோல்கூட அடிக்காமல் அதிக ஆட்டங்கள், 431. வேறு எந்தக் கழகமாவது இப்படி ஒரு வரியைத் தங்க எழுத்தில் எழுதி மாட்டுமா? தார்ன்பெக்காரர்களுக்கு அந்தக் குசும்பு ஜாஸ்தி. கூட்டமும் இருபது கோப்பையை விட்டுவிட்டு டெரிக்கோடு படம் எடுத்துக்கொள்ளத்தான் வரிசையில் நிற்கும்.

"நிஜமாவே ஒரு தடவகூட அடிக்கலியா ஐயா?" என்று இன்று காலைகூட ஒரு பெண் கேட்டாள்.

"பந்து எதுக்கும்மா உள்ள போகணும்? வெளிய இருந்தா அதுவும் காத்தாட இருக்கும்ல," என்றார் டெரிக்.

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முன்னால் கழகத்தின் கோல் கணக்கு எழுதிய பெரிய புத்தகம் திறந்து கிடந்தது.

புதன்கிழமை ஆட்டத்தில் குவாமே ஒஃபோரி என்ற இளம் ஆட்டக்காரன் தன் நூற்று எண்பத்தேழாவது கோலை அடித்து ரெஜ்ஜைத் தொட்டுவிட்டான். இன்று இன்னொன்று அடித்தால் சாதனை அவனுடையது. தார்ன்பெக்கில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய சாதனைக்காரர் தன் பக்கத்தை வரிவரியாகப் படித்து, 'இவை அனைத்தும் நான் அடித்தவை' என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, புத்தகத்தைத் தன் கையால் புதியவனிடம் கொடுக்க வேண்டும்.

புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரில் காலையிலேயே அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். "நிதானமாப் படிச்சுப் பாத்துப் போடுங்க ரெஜ். ஆனா ரெண்டு மணிக்குள்ள வேணும். பையன் இன்னிக்கே அடிச்சாலும் அடிச்சிடுவான்."

நூற்று நாற்பத்திரண்டு வரைக்கும் ரெஜ் சந்தோஷமாகத்தான் படித்தார். அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. 1971 பிப்ரவரி, வெதர்ஸ்டன் அணிக்கு எதிராக, தலையால் அடித்தது.

தலையாவது, மண்ணாவது. அடித்தது டெரிக். கை தூக்கிக்கொண்டு ஓடியது ரெஜ். டெரிக் தூரத்திலிருந்து உதைத்த பந்து வலையை நோக்கிப் போனபோது ரெஜ் நடுவில் எம்பிக் குதித்தார். பந்து அவரைத் தொடவே இல்லை. மைதானமே அவர் பெயரைக் கத்தியது, நடுவரும் அவர் சட்டை எண்ணையே குறித்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஏழு ஆட்டமாக அவருக்கு ஒரு கோலும் இல்லை, அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பேச்சு. பயத்தில் தூக்கிய கை அது. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்றே ஐம்பத்து மூன்று வருஷம் போய்விட்டது. டெரிக்கின் பூஜ்யம் ஊர் முழுக்கப் பெயர் வாங்க வாங்க, சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஒன்றரை மணிக்குக் கூட்டம் கலைந்தது. டெரிக் இரண்டு கறி பஃப்ஸும் தேநீரும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இன்னும் போடலியா? உம் பேரு மறந்து போச்சா ராசா?"

"டெரிக், உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன். உக்காந்தா எந்திரிக்க முட்டி ஒத்துக்காது."

ரெஜ் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "நூத்தி நாப்பத்து மூணு என்னுது இல்லடா. உன்னுது. என் தலைல படவே இல்ல."

டெரிக் பஃப்ஸை ஊதி ஊதி ஒரு கடி கடித்தார். "தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்குக் குளிச்சிட்டு வரும்போதே அவங்க கோல்கீப்பர் சொல்லிட்டான். உங்காளு தலைல ஒரு மசுராவது பட்டுச்சான்னு கேட்டுச் சிரிச்சான்."

"அப்பவே என் சட்டையப் புடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

"வெறியாத்தான் இருந்துச்சு. ஒரு மாசம் உனக்குப் பந்தே தரல. கவனிச்சியா?"

"மைதானம் சேறு, அதான் வரலன்னு நெனச்சேன்."

"நீ அப்படித்தான் நெனப்ப." டெரிக் தேநீரை உறிஞ்சினார். "அப்புறம் முந்நூறு ஆட்டம் ஆச்சு. நான் நடுக்கோட்டத் தாண்டினாலே ஜனங்க எந்திரிச்சு நின்னு அடி, அடின்னு கத்த ஆரம்பிச்சாங்க. உனக்குக்கூட அப்படிக் கத்தினதில்ல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"பெரில கூப்பிட்டு மாத்திடறேன். புதன்கிழமையே அந்தப் பையன் என்னத் தாண்டிட்டான். அதுதான் நெசம்."

"மாத்திப் பாரு, இருக்கற ஒரு நல்ல முட்டியையும் ஒடச்சிடுவேன்." டெரிக்கின் குரலில் விளையாட்டு இல்லை. "ஒரு கோல் அடிச்சவன் இந்த ஊர்ல நூறு பேரு இருக்கான். ஒண்ணுமே அடிக்காதவன் நான் ஒருத்தன்தான். பையனுக்கு இருபத்தஞ்சு வயசு, இன்னும் நூறு அடிப்பான். உன்னத் தாண்ட ஒண்ணு கூட அடிக்கணும்னா அவனுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒண்ணு கூடினா நான் போயிட்டேன். போடு கையெழுத்த."

பொய்க்குக் கீழே கையெழுத்துப் போடுவது ரெஜ்ஜுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கோலுக்குச் சொந்தக்காரனே போடு என்கிறான், வேறு யாரைக் கேட்பது? போட்டார். போட்டு முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. பஃப்ஸ் ஆறிப்போயிருந்தது, அதையும் ருசித்துச் சாப்பிட்டார். வெளியே கூட்டம் மைதானத்துக்குள் வரும் சத்தம் கேட்டது. இன்று அந்தப் பையன் அடித்தால் மனசார வாழ்த்தலாம் என்று தோன்றியது.

டெரிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெஜ், அது எப்படிடா போச்சு?"

"எது?"

"பந்துதான். நான் ஒதச்ச மறு நொடி ஒரு தடியன் வந்து என் கால வாரிட்டான். மூஞ்சி பூரா சேறு. தொடச்சிட்டுப் பாத்தா நீ கையத் தூக்கிட்டு ஓடிக்கிட்டிருக்க. நான் பாக்கவே இல்லடா. வேற யாரக் கேட்டாலும் ரெஜ் தலைல பட்டுப் போச்சுன்னுதான் சொல்வான். கேக்கணும்னா உன்னத்தான் கேக்கணும். உன்ன எப்படிக் கேக்கறது?"

ரெஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இடது காலால ஒதச்ச. முப்பது கஜம் இருக்கும். மொதல்ல வெளியதான் போற மாதிரி இருந்துச்சு. அப்புறம் அதுவா வளஞ்சு உள்ள வந்துச்சு. என் தலைக்கு மேல ஒரு சாண்."

"ஒரு சாணா?"

"ஒரு சாண். கோல்கீப்பர் நகரவே இல்ல. கம்பத்து உள்பக்கம் டங்குன்னு பட்டு அந்தப் பக்க வலையில விழுந்துச்சு. வலையில இருந்த மழத் தண்ணி பூரா செதறிச்சு."

"நல்ல கோலாடா?"

"நான் அடிச்ச நூத்தி எண்பத்தாறுல அப்படி ஒண்ணு கெடையாது."

டெரிக் தலையை ஆட்டிக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு," என்றார். "மெதுவாச் சொல்லு."