மனசு பார்க்க ஆள் எடுக்கிறார்கள்

ஏழாம் இயந்திரத்தின் கதவை ஷர்மினி இழுத்துத் திறந்தாள். உள்ளிருந்து சூடான பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. கையை விட்டு வெள்ளை மூடியை எடுத்தாள், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறைக் கத்தியால் சீவினாள், தட்டில் அடுக்கினாள், கதவை இழுத்து மூடினாள். மூடிய பிறகுதான் இயந்திரம் அடுத்த மூடியை அடிக்கும். உலு திராமில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் மூன்றாம் லைனில் எல்லாருக்கும் இதே வேலைதான். ஆனால் மற்ற இயந்திரங்கள் எல்லாம் அவளுடையதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தன.

லைன் லீடர் செல்வராணி அன்று மத்தியானம் மூடிகளைப் பார்க்கவில்லை. ஷர்மினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷர்மினி அவளுடைய தம்பி மகள். வீட்டில் சும்மா கிடக்கிறாளே என்று இங்கே கூட்டிவந்து சேர்த்துவிட்டது செல்வராணிதான். கொஞ்ச நாளாக அந்தப் பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

சூப்பர்வைசர் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். டார்கெட்டுக்குக் குறைந்ததால் ஏழாம் இயந்திரத்தின் எண் சிவப்பில் இருந்தது. அவர் ஷர்மினியிடம் போனார், கதவோரமாகக் குனிந்து ஏதோ செய்தார், அடுத்த லைனுக்கு நடந்துவிட்டார். ஷர்மினி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள், பிறகு அலறினாள்.

"கதவ மூடுங்க! வாசுகிக்கா உள்ள நிக்கிறாங்க! கதவ மூடுங்க!"

அந்த அலறல் கேட்டதும் பக்கத்து இயந்திரத்துப் பெண்ணும் அலறினாள். பிறகு அவளுக்கு எதிரே இருந்தவள். ஒரு மலாய்ப் பெண் தரையில் உட்கார்ந்து தலைத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். லைனை நிறுத்தினார்கள். செல்வராணி ஓடிப்போய் ஷர்மினியைக் கட்டிப்பிடித்தாள். பெண்ணின் உடம்பு விறைத்துப்போய், தொட்டால் ஜில்லென்று இருந்தது.

வாசுகி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழாம் இயந்திரத்தில்தான். கதவு மூடியிருக்கிறது என்று இயந்திரத்துக்குச் சொல்ல அங்கே ஒரு சின்ன பொத்தான் உண்டு. ஒவ்வொரு தடவையும் கதவை இழுத்து மூடிக்கொண்டிருந்தால் டார்கெட் எட்டாது. அதனால் பெண்கள் தலையில் போட்டிருக்கும் ரப்பர் பேண்டைக் கழற்றி, பொத்தானை அமுக்கிக் கட்டிவிடுவார்கள். கதவு திறந்தே கிடக்கும், இயந்திரம் பாட்டுக்கு அடிக்கும், கை பாட்டுக்குப் போய்வரும். மேலே இருப்பவர்களுக்கும் இது தெரியும், தெரியாத மாதிரி நடப்பார்கள். அன்று மூடி ஒன்று சிக்கிக்கொண்டது. வாசுகி அதை எடுக்கத் தலையை உள்ளே விட்டுக் குனிந்தாள். ஷர்மினி அவளுக்குப் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடிந்தது விசாரணை. பொத்தானில் இருந்தது வாசுகியின் சொந்த ரப்பர் பேண்டு அல்லவா? அப்புறம்தான் அலறல் தொடங்கியது. போமோ என்ற மலாய் மந்திரவாதி வந்து லைனைச் சுற்றி உப்புத் தூவினார். கோயில் பூசாரி எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவினார். பள்ளிவாசல் உஸ்தாஸ் வந்து ஓதினார். மூவருக்கும் கேண்டினில் நல்ல சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். அலறல் மட்டும் நிற்கவில்லை.

செல்வராணி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. உடை மாற்றும் அறையில், வாசுகியின் அலமாரிப் பக்கம் போனால், அவள் பூசும் ரோஸ் பவுடர் மணக்கும். அலமாரியைக் கழுவி வேறு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் பவுடரே பூசுவதில்லை.

அன்று சாயங்காலம் மனிதவளப் பிரிவு கனகராஜ் அவளைக் கூப்பிட்டார்.

"செல்வராணிக்கா, ஷர்மினி விஷயத்த மேல கேட்டுட்டாங்க. இன்னொரு தடவ லைன் நின்னா பிள்ளைய அனுப்பிடுவாங்க. நா ஒன்னும் செய்ய முடியாது."

"பயந்துபோன பிள்ள சார்."

"அதுக்குத்தான் இப்ப மனசு பாக்குற ஆள் எடுக்கப் போறோம். நம்ம சாமான வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி சொல்லிட்டான். சைக்காலஜிஸ்ட் இருக்கணுமாம். சும்மா சம்பளத்துக்கு வர்ற ஆளு இல்ல, பொதுமக்களுக்கு உழைச்ச ஆளா தேடிக் கண்டுபிடிச்சு எடுக்கணுமாம். அப்படி எடுக்கிற பெக்டரிக்கு விருது வேற. இண்டர்வியூல வொர்க்கர் ஒருத்தர் இருக்கணும்கிறான். நீங்க வந்து உக்காருங்க."

"எனக்கு என்ன சார் தெரியும் அதுல?"

"தெரிய வேணாம் லா. உக்காந்தா போதும்."

சும்மா உட்கார்ந்துவிட்டு வர செல்வராணி போகவில்லை. ஷர்மினியைக் காப்பாற்றப்போவது யார் என்று பார்க்கத்தான் போனாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, குளிரூட்டிய அறையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஜேபி நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். திரையில் படம் படமாகக் காட்டினார். பெரிய பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொன்னார். "ஒரு டெஸ்ட் வச்சா போதும் சார். யார் மனசு வீக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிடும். அவங்கள லைனுக்கே விட வேணாம்" என்றார். கனகராஜ் தலையாட்டினார். அந்தச் சல்லடையில் முதலில் விழப்போவது யார் என்று செல்வராணிக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த பெண்ணின் பெயர் லோஷினி. பொந்தியானிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். மழையில் காலணி நனைந்து, நடக்கும்போது சத்தம் போட்டது. அங்கே அரசாங்க கிளினிக்கில் காண்டிராக்டில் இருந்தவள், அது முடிந்து வீட்டில் இருந்தாள். அதற்கு முன்னால் மெர்சிங்கில் மீன்பிடிப் படகு ஒன்று திரும்பாமல் போனபோது அந்தக் குடும்பங்களோடு இருந்திருக்கிறாள்.

"அவங்களுக்கு எப்படி ட்ரீட்மெண்ட் குடுத்தீங்க?" என்று கேட்டார் கனகராஜ்.

"ட்ரீட்மெண்ட்லாம் இல்ல சார். படகுத்துறை ஜெட்டியில அவங்களோட உக்காந்திருந்தேன். கடல்லேர்ந்து ஆளுங்கள கொண்டுவர்ற வரைக்கும்."

"இங்க வந்தா என்ன செய்வீங்க?"

"மொத அந்த மெஷினப் பாக்கணும். அப்புறம் பிள்ளைங்க எங்கிட்ட பேசுறத உங்ககிட்ட சொல்ல மாட்டேன். வேலை செய்யிற எடத்துல அவங்களுக்கு ஆபத்து இருந்தா அத மட்டும் எழுதிக் குடுப்பேன்."

கனகராஜ் பேனாவை மேசையில் தட்டினார். லோஷினி செல்வராணி பக்கம் திரும்பினாள். "நீங்க ஏதாச்சும் கேக்கணுமாக்கா?"

உட்கார்ந்தால் போதும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வாய் வந்துவிட்டது. "நீங்க பேய நம்புவீங்களா மிஸ்?"

லோஷினி சிரிக்கவில்லை. "நா நம்புறது இருக்கட்டும்கா. வர்றது யாருன்னு அந்தப் பிள்ளைங்களுக்குத் தெரியுதுல்ல? என்ன சொல்ல வர்றாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்."

இவள்தான், என்று செல்வராணிக்குப் பட்டது. அவள் போனதும் அதைச் சொல்லியும்விட்டாள். யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஆனால் கனகராஜ் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, "மெர்சிங் கதை அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பிடிக்கும்" என்றார். லோஷினியையே எடுத்தார்கள். செல்வராணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் ஷர்மினியைப் பிடித்து உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

கேண்டினுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காலி பண்ணி லோஷினிக்குக் கொடுத்தார்கள். அவள் அங்கே ஒரு சுடுநீர்ப் போத்தலும் இரண்டு நாற்காலியும் வைத்துக்கொண்டாள். முதலில் யாரும் போகவில்லை. பைத்தியம் என்று எழுதிவிடுவாளோ என்ற பயம். பிறகு அந்த மலாய்ப் பெண் போனாள். அப்புறம் பிரேக் நேரத்தில் வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்கள், யாரும் அப்படிச் சொல்லாமலே.

ஷர்மினி தனியாகப் போக மாட்டேன் என்றதால் செல்வராணியும் கூடப் போனாள். லோஷினி பால் இல்லாத தே ஓ தேநீர் கலக்கிக் கொடுத்தாள். ஷர்மினி குடித்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"வாசுகிக்கா வந்து என்ன சொல்றாங்க, ஷர்மி?"

ஷர்மினி அத்தையைப் பார்த்தாள். இதுவரைக்கும் போமோவோ பூசாரியோ வீட்டில் இருப்பவர்களோ அவளிடம் இதைக் கேட்டதில்லை. போகச் சொல்லித்தான் எல்லாரும் மந்திரித்தார்கள்.

"கைய எடுன்னு சொல்றாங்க மிஸ். கைய எடு, கைய எடுன்னு. கோவமா இல்ல. அழுதுகிட்டே சொல்றாங்க."

லோஷினி கண்ணை மூடித் திறந்தாள்.

மறுநாள் அவள் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு லைனில் வந்து நின்றாள். ஏழாம் இயந்திரத்தின் பக்கத்திலேயே, காலையிலிருந்து. ஷர்மினி ஒழுங்காகக் கதவை மூடி மூடித் திறந்தாள். எண் சிவப்பானது. சூப்பர்வைசர் வந்தார். லோஷினியை யாரோ புது ஆள் என்று நினைத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்துப் பொத்தானில் கட்டினார். ஷர்மினியின் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் லோஷினி குனிந்து அந்த ரப்பர் பேண்டை அறுத்துவிட்டாள். கதவை மூடினாள். ஷர்மினி அலறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள், பிறகு மூடியை எடுத்துப் பிசிறு சீவத் தொடங்கினாள்.

"இவளுக்குப் பைத்தியம் இல்லக்கா" என்றாள் லோஷினி அன்று சாயங்காலம். "எப்பல்லாம் கட்டுறாங்களோ அப்பல்லாம்தான் கத்துறா. இந்த லைன்ல சரியான மனசு உள்ளவ இவ ஒருத்திதான்."

அறிக்கை எழுதி முடித்ததும் அதைச் செல்வராணிக்குத் தமிழில் சொன்னாள். பொத்தான் கட்டிய இயந்திரத்தில் ஷர்மினியை நிறுத்தக் கூடாது. யாரையுமே நிறுத்தக் கூடாது. டார்கெட்டைக் குறைத்தால் அலறலும் நிற்கும். செல்வராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் ஷர்மினி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். உடை மாற்றும் அறையில் ரோஸ் பவுடர் மட்டும் மணந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் செல்வராணிக்கு இப்போது அதில் பயம் இல்லை.

விருது வந்தது. கேண்டினில் பதாகை கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரம்மா லோஷினிக்குக் கேடயம் கொடுத்தாள். கனகராஜ் சரிகை வைத்த பெரிய மாலையைப் போட்டார். சமுதாயத்துக்காக உழைப்பவர்களை அடையாளம் கண்டுகொள்ளும் தொழிற்சாலை இது என்று பேசினார். லோஷினி மாலையோடேயே அந்த அம்மாவிடம் இயந்திரத்துக் கதவைப் பற்றிச் சொல்வதைச் செல்வராணி தூரத்திலிருந்து பார்த்தாள். அந்த அம்மா லோஷினியின் கையைப் பிடித்தபடி கவனமாகக் கேட்டாள், நன்றாகத் தலையாட்டினாள், படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த வாரம் லோஷினி வரவில்லை. சைக்காலஜிஸ்ட் எடுக்கும் திட்டம் முடிந்துவிட்டதாம், அதனால் காண்டிராக்டும் முடிந்ததாம். அதே நாளில் கனகராஜ் செல்வராணியையும் ஷர்மினியையும் கூப்பிட்டார்.

"நாங்களா ஒன்னும் செய்யலக்கா. சைக்காலஜிஸ்டே எழுதிக் குடுத்திருக்காங்க, ஷர்மினிய மெஷின்ல நிறுத்தக் கூடாதுன்னு. அதுக்கு மேல நிறுத்தினா எங்க மேலதான் கேஸ் வரும். வேற வேலையும் காலி இல்ல."

செல்வராணி மேசைப் பக்கம் நகர்ந்தாள். "அதுக்கு அடுத்தத படிங்க சார். யாரையுமே நிறுத்தக் கூடாதுன்னு இருக்கு. மிஸ் எனக்குச் சொன்னாங்க."

"அது பொதுவா சொன்னது" என்றார் கனகராஜ். குரலில் கொஞ்சமும் கடுமை இல்லை. "பேர் போட்டு எழுதினது இவ ஒருத்திக்குத்தான்."

"நீங்களும் நம்ம ஆளுதான சார்?"

கனகராஜ் எழுந்துபோய் கதவைத் திறந்துவிட்டார்.

ஷர்மினி தொப்பியையும் மேலங்கியையும் மடித்துக் கொடுத்தாள். வெளியே போகும் வழி கேண்டினைச் சுற்றித்தான். சாமான் அறை திறந்திருந்தது. நாற்காலிகள் இல்லை. எதிர்ச் சுவரில் கேடயத்தை மாட்டியிருந்தார்கள். அதற்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு லோஷினியின் பெரிய படம். அலுவலகத்து மலாய்ப் பெண் நாற்காலி போட்டு ஏறி, வீணாகப் போகிறதே என்று நினைத்தாளோ என்னவோ, அந்தச் சரிகை மாலையை அழகாகப் படத்துக்குச் சுற்றிப் போட்டிருந்தாள். பூ வாடியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கும் எரிந்தது.

ஷர்மினி நின்றுவிட்டாள். செல்வராணியின் முழங்கையைப் பிடித்தாள்.

"அத்த, மிஸ் எப்ப செத்தாங்க?"

"சீ, என்னடி பேசுற? பொந்தியான்ல இருக்காங்க. நல்லா இருக்காங்க."

செல்வராணி உள்ளே போய் மாலையை எடுக்கக் கையைத் தூக்கினாள். "ஜாங்கான் கா", வேண்டாம் அக்கா என்று அலுவலகப் பெண் ஓடிவந்தாள். நாளைக்கும் பார்வையாளர்கள் வருகிறார்களாம், எடுக்கக் கூடாதாம். செல்வராணி தூக்கிய கையோடு நின்றாள். படத்தில் லோஷினி சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது ஷர்மினி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். கண்ணை மூடி, படத்தை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.